மதுரை வெயிலில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்: சிக்கனமாகப் பூட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாரம் முழுக்கக் கணக்கெழுதும் வேலை; ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் ஸ்க்ரூ டிரைவர். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டித் தரப்போய், இப்போது சோழவந்தானிலிருந்தும் மேலூரிலிருந்தும் போன் வருகிறது. கேட்பவர்கள் வேறு, கேள்விகள் ஒன்றேதான். சொல்லிச் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

விலைகளை முடிந்தவரை தவிர்த்திருக்கிறேன். காலையில் கடையில் கேட்ட விலை மாலையில் இருப்பதில்லை. 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கையில் அறுபதாயிரம் இருக்கிறது. முதலில் எதை முடிவு செய்வது?

மானிட்டரை. பலரும் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டின் வேலை, திரையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டுவது. 1080 திரையில் (மேலிருந்து கீழே 1080 வரிசை) ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 1440 திரையில் 36.9 லட்சம்; 4கே திரையில் 83 லட்சத்துக்குப் பக்கம். இதை விநாடிக்கு 60 முறையோ 144 முறையோ தீட்ட வேண்டும். அறுபதாயிரத்துக்குள் நிற்பவர் 24 அங்குல 1080 மானிட்டரோடு மனத்தை நிறுத்திக்கொள்வது நல்லது. வீட்டில் 43 அங்குல 4கே டி.வி. சும்மா இருக்கிறதே, அதையே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டலாம், ஆனால் கேமில் 1080 வைத்துத்தான் ஆட வேண்டியிருக்கும்.

அந்த அறுபதாயிரத்தில் மானிட்டரும் சேர்த்தியா என்பதையும் வீட்டில் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

எந்தப் பாகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது?

மானிட்டரை விட்டுவிட்டு, நூறு ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் கார்டுக்கு 36. கம்ப்யூட்டரின் மூளையான புராசசரும், எல்லாப் பாகமும் செருகும் பலகையான மதர்போர்டும் சேர்ந்து 29. ரேமும், கேம்களைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டியும் 20, ரேம் விலை ஏறிய காலத்தில் இந்த எண் அடங்க மறுக்கும். வீட்டு மின்சாரத்தை மாற்றிப் பாகங்களுக்குத் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு 8, எல்லாம் அடங்கும் பெட்டியான கேபினட்டுக்கு 7. கீபோர்டும் மவுஸும் பழையதே ஓடட்டும்.

கடைக்காரர் விலை சொன்னதும் கேட்க வேண்டிய கேள்வி: “ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா?” கம்ப்யூட்டர் பாகங்களுக்கு வரி 18 சதவீதம். 20,000 என்று சொன்ன கார்டு பில் போடும்போது 23,600 ஆகும். பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இரண்டு வருடம் கழித்து கார்டு படுத்துவிட்டால் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

எந்த கிராபிக்ஸ் கார்டு?

நீங்கள் ஆடும் கேம் எது என்று முதலில் சொல்லுங்கள். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டும்தான் என்றால் பெரிய கார்டு தேவையில்லை. அவை புராசசரைத்தான் அதிகம் கேட்கும். கதையோடு ஓடும் பெரிய கேம்கள் என்றால் கார்டில்தான் பணத்தைப் போட வேண்டும்.

இந்த விலை மட்டத்தில் என் கணக்கு எளிது. கார்டில் 8 ஜிபி நினைவகத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரேடியான் ஆர்.எக்ஸ் 6600 பல ஆண்டுகளாக ஏழைகளின் பங்காளி: 8 ஜிபி, 132 வாட், 1080-இல் கேட்டதைச் செய்கிறது. கிட்டத்தட்ட அதே விலையில் என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ் 3050 கிடைக்கும். பச்சைப் பெட்டியைப் பார்த்ததும் பிள்ளைகள் மயங்குகிறார்கள். ஆனால் வேகத்தில் 6600-தான் முன்னால் நிற்கிறது. 3050-இலும் இரண்டு சாதி உண்டு: 2022-இல் வந்த 8 ஜிபி ஒன்று, 2024-இல் வந்த 6 ஜிபி ஒன்று. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது குறைவு. 6 ஜிபி கார்டு 70 வாட்டில், தனி மின்வயர் இல்லாமல் ஓடும் என்பதால், பழைய கம்ப்யூட்டரில் செருகுவதற்கு மட்டும் அது பொருத்தம்.

ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி. என்று ஒன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 4 ஜிபிதான்; அதோடு மதர்போர்டுடன் பேச அதற்கு நான்கு பாதைகள் மட்டுமே. பழைய, மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ. ஸ்லாட்டில் செருகினால் அந்த நான்கு பாதையும் பாதி வேகத்தில் ஓடும். மாட்டுத்தாவணிக்கு நாலு வழிச்சாலையில் வந்து, சந்துக்குள் லாரியைத் திருப்பியது போல.

இன்டெலின் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி இருக்கிறது, விலைக்கு நல்ல வேகம். புது புராசசரோடு சேர்த்தால் மட்டுமே. மதர்போர்டில் ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதி இல்லாவிட்டால் அது தளர்ந்துபோகும். இன்னும் பத்தாயிரம் ஏற்ற முடிந்தவர்கள் ஆர்.டி.எக்ஸ் 4060, 5060, ஆர்.எக்ஸ் 9060 எக்ஸ்.டி. வரிசையைப் பார்க்கலாம். பையன் பிளெண்டர் (முப்பரிமாணப் படம் செய்யும் மென்பொருள்) கற்கிறான், கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான் என்றால் மட்டும் நான் என்விடியா பக்கம் சாய்வேன். அந்த மென்பொருள்கள் பலவும் அதன் ‘கூடா’ (CUDA) என்ற சொந்த நுட்பத்தை நம்பி எழுதப்பட்டவை. அப்படிப்பட்டவருக்கு 12 ஜிபி உள்ள ஆர்.டி.எக்ஸ் 3060 இன்றும் மோசமில்லை.

இப்போதைக்குக் கார்டு இல்லாமல் தொடங்கி, தீபாவளிக்கு வாங்கலாமா?

தாராளமாக. ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள புராசசரை வாங்குங்கள். வேலரன்ட் ஓடும். ஒரே ஒரு நிபந்தனை: 16 ஜிபி ரேமை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்க வேண்டும். உள்கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ரேமைத்தான் கடன் வாங்குகிறது. ஒரு துண்டு என்றால் ஒரு வாய்க்கால், இரண்டு துண்டு என்றால் இரண்டு வாய்க்கால். பின்னால் கார்டு வாங்கும்போது, 5600ஜிக்குள் இருக்கும் கேஷ் என்ற அதிவேக நினைவகம் 16 எம்.பி.தான், சாதாரண 5600-இல் 32 எம்.பி. என்பது கொஞ்சம் உறுத்தும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

புராசசர் இன்டெலா, ஏ.எம்.டி.யா?

இது மீனாட்சியா சொக்கரா என்று கேட்பது போல. 6 கோர் (கணக்குப் போடும் அலகு), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) கொண்ட ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600, இன்டெலின் ஐ5-12400எஃப் இரண்டும் இந்தப் பட்ஜெட்டில் சரியானவை. மதர்போர்டோடு சேர்த்து எது அன்றைக்கு மலிவோ அதை எடுங்கள். இன்னும் இறங்க வேண்டுமானால் ஐ3-12100எஃப். பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் உள்கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் படமே வராது.

ஏ.எம்.டி.யின் புது வகை புராசசர் சாக்கெட்டான ஏ.எம்.5 உள்ள போர்டு வாங்கினால் நாளைக்குப் புது புராசசர் மாற்றலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அதற்கு டி.டி.ஆர்.5 என்ற புது வகை ரேம் மட்டுமே பொருந்தும், போர்டும் விலை கூடுதல். மூன்று வருடத்தில் புராசசர் மாற்றியே தீருவேன் என்பவருக்கு அது. நான் பூட்டித் தந்தவர்களில் அப்படி மாற்றியவர் ஒரே ஒருவர்.

ஏ.எம்.டி.க்கான பி450 போர்டு பழைய இருப்பாக இருந்தால், ரைசன் 5000 வரிசைக்கு பயாஸ் (போர்டைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) புதுப்பித்துத் தரச்சொல்லிக் கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

“ஐ7, 16 ஜிபி, கிராபிக்ஸ் கார்டோடு 18,000 ரூபாய்” என்று விளம்பரம் வருகிறதே?

வண்டி வாங்கும்போது ஆர்.சி. புத்தகம் பார்க்காமல் வாங்குவீர்களா? ஐ7 என்பது மாடலின் பெயர். எந்த வருட வண்டி என்று அது சொல்லாது. முழு எண்ணைக் கேளுங்கள். ஐ7-3770 என்றால் முதல் இலக்கம் 3, அதாவது மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது. ஐ3-12100எஃப் என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022. இரண்டிலும் 4 கோர், 8 திரெட்தான். ஆனால் பத்து வருட இடைவெளியில் வந்த அந்த ஐ3, இந்த ஐ7-ஐ வெகுதூரம் பின்னால் விட்டுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏதோ வழியில் ஏற்றித் தந்தாலும் வேலரன்ட் அதில் டி.பி.எம். 2.0, ‘செக்யூர் பூட்’ என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். ஐ7-3770 காலத்துப் போர்டுகளில் டி.பி.எம். 2.0 இருக்காது. வேலரன்ட் ஆடத்தான் வாங்கினேன் என்று ஒருவர் பெட்டியோடு வந்து நின்றார். என்னால் செய்ய முடிந்தது டீ வாங்கிக் கொடுத்தது மட்டும்தான்.

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணால் பார்த்து. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், கார்டுகளை ஓட்டி அந்த நாணயத்தைச் சம்பாதிக்கும் ‘சுரங்கம்’ (மைனிங்) தொழில் படுத்தது. மூட்டை மூட்டையாகக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. சுரங்கத்தில் ஓடிய கார்டு என்றாலே கெட்டது என்றில்லை. சிப் தாங்கியிருக்கும், விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கும்.

ஆர்.எக்ஸ் 580 என்று விற்பதில் ‘2048 எஸ்.பி.’ என்ற வகை நிறைய. உண்மையான 580-இல் 2304 கணிப்பிகள்; இதில் 2048, அதாவது 570-க்குச் சமம். ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளை விற்பவர் முன்னாலேயே ஓட்டினால் எண் தெரிந்துவிடும்; போலிக் கார்டு பலவற்றையும் அது காட்டிக்கொடுக்கும். பிறகு அரை மணி நேரம் கேம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் போதாது. கோளாறு சூடேறிய பிறகுதான் வாய் திறக்கும். ஜி.டி.எக்ஸ் 1060, 1070 வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வருவது 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. என்விடியாவில் வாங்கினால் ஜி.டி.எக்ஸ் 16 வரிசைக்குக் கீழே போகாதீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ். எதுவானால் என்ன, 450 வாட் என்று போட்டிருக்கிறதே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் உட்கார்ந்து பதில் சொல்வேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தம்பி. நல்ல புராசசர், நல்ல கார்டு, எல்லாம் சேர்த்து வாங்கிவிட்டு, கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்ஸையே மாட்டியிருந்தார். மூன்று மாதம் ஓடியது. ஒரு நாள் ராத்திரி கேம் நடுவில் ‘டப்’ என்று ஒரு சத்தம், அழுகிய மீன் போல ஒரு நாற்றம். நான் போய்த் திறந்தபோது உள்ளே ஒரு கெப்பாசிட்டர் தலை வெடித்து, சுற்றிலும் பஞ்சு போல எதையோ துப்பியிருந்தது. கார்டும் கூடவே போய்விட்டது. 700 ரூபாய்ச் சாமான் இருபதாயிரத்தை இழுத்துக்கொண்டு போன கதை.

அந்த டப்பாவின் பக்கவாட்டு ஸ்டிக்கரை இன்னும் வைத்திருக்கிறேன். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216. புராசசரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அந்தத் தம்பி வாங்கியது 216 வாட். 450 என்பது அச்சுக்கூடம் தந்தது. நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் போட்டிருக்கும், பெருக்கினால் 540. கடையில் நின்று இந்த ஒரு பெருக்கலைச் செய்துவிடுங்கள்.

எவ்வளவு தேவை? ரைசன் 5600 உச்சத்தில் 76 வாட், 6600 கார்டு 132, மற்றவைக்கு 50 என்று வைத்தால் 260-க்குள் அடங்கும். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் முத்திரையுள்ள, 5 வருட வாரன்டியுள்ள 550 வாட் போதும். நாளைக்குப் பெரிய கார்டு வந்தாலும் தாங்கும். பின்னால் 115, 230 என்று மாற்றும் சிவப்பு ஸ்விட்ச் உள்ளதை வாங்காதீர்கள். வீட்டுக் குழந்தை விளையாட்டாக 115 பக்கம் தள்ளிவிட்டால் அடுத்த முறை போடும்போது வெடிதான். நல்லவற்றில் அந்த ஸ்விட்சே இருக்காது. 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளிக்கும். சாயங்காலம் பம்புசெட்டுகள் ஓடி மின்னழுத்தம் 180-க்கு இறங்கும் ஊர்களில் இதன் அருமை தெரியும்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. பாகம் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, உங்கள் வீட்டில் எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்தும் ஒன்று நியூட்ரலிலிருந்தும் வந்து, இரண்டும் தகரப் பெட்டியில் சேரும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் பெட்டி 230-இல் பாதி, 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் செருப்பில்லாமல் ஈரத் தரையில் நின்று தொடாதீர்கள். மானிட்டர் வயரைச் செருகும்போது கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டின் ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள்.

பழைய ஓட்டு வீடுகளில் மூன்றாவது துளை இருக்கும், பின்னால் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-க்குப் பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழி இருந்தால் சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது.

யு.பி.எஸ். வேண்டுமா, வீட்டு இன்வெர்ட்டர் போதுமா?

பெரும்பாலான 600 வி.ஏ. யு.பி.எஸ்ஸின் உண்மைத் திறன் 360 வாட். மேலே சொன்ன கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் அது போதும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது 84 வாட்-மணி. காகிதத்தில் இருபது நிமிடம்; நடப்பில் நாலைந்து நிமிடம். ஆட்டத்தை முடிக்க இல்லை, அணைக்கத்தான்.

இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருந்து, பின்னால் ‘யு.பி.எஸ். மோட்’ ஸ்விட்ச் இருந்தால் அதிலேயே ஓட்டலாம். சதுர அலை இன்வெர்ட்டரில் வேண்டாம்.

மே மாதம் மாடி அறையில் தாங்குமா? எந்த கேபினட் நல்லது?

ஏசி அறையில் 27 டிகிரியில் கார்டு 68 டிகிரி காட்டினால், கத்திரி வெயிலில் 38 டிகிரி உள்ள மாடி அறையில் அதே கார்டு ஏறத்தாழ 79 காட்டும். விசிறி அறைக் காற்றைத்தான் வீச முடியும். குளிர்ச்சியை அது உண்டாக்காது. 79 ஆபத்தில்லை. ஆனால் முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டு, உள்ளே சித்திரைத் திருவிழா போல வண்ண விளக்கு எரியும் கேபினட்டில் அது 90-ஐ நோக்கிப் போகும். முகப்பு முழுவதும் வலைக்கம்பியாக இருப்பதை வாங்குங்கள். முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள.

தூசிக்கு ஆடிதான் அறுவடைக் காலம். முகப்பு வடிகட்டியை ஆடிக்கு முன்பு ஒரு முறை, நடுவில் ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும். வடிகட்டிக்குப் பதில் கொசுவலையை இரண்டாக மடித்து ஒட்டியிருந்த ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்தேன்: தூசியும் இல்லை, காற்றும் இல்லை.

பின்பக்கம் கார்டு ஸ்லாட்டுக்கான தகரப் பட்டைகளைக் கழற்றினால் தூக்கி எறியாதீர்கள். அந்த இடைவெளி ஒரு பல்லிக்குப் போதும். உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதால் மழைக்காலத்தில் அது தேடி வரும். எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் காய்ந்து ஒட்டிக்கிடந்த ஒன்றைச் சிறு இடுக்கியால் எடுத்திருக்கிறேன், சகுனம் கேட்காதீர்கள்.

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனால் மிச்சமாகுமா?

ராத்திரி மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் விடியற்காலை கிளாம்பாக்கம். அங்கிருந்து ரிச்சி தெருவுக்கு இன்னொரு பயணம். போகவர டிக்கெட், சாப்பாடு. ஒரு கம்ப்யூட்டருக்கு மிச்சம் அதிலேயே கரைந்துவிடும். கார்டு, புராசசரை ஆன்லைன் விலையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்., கேபினட், மானிட்டர் மூன்றையும் உள்ளூரில் வாங்குங்கள். இவைதான் கோளாறானால் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியவை.

நானே பூட்டிக்கொள்ளலாமா?

பொறுமை இருந்தால் மூன்று மணி நேர வேலை. இன்டெல் போர்டில் பின்கள் போர்டில் இருக்கும். மூடியைத் திறந்ததும் போட்டோ எடுத்துவிடுங்கள், ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரன்டி கிடையாது என்பார்கள். ரைசன் 5600 பொருந்தும் ஏ.எம்.4 சாக்கெட்டில் பின்கள் புராசசரில் இருக்கும். பிறகு எப்போதாவது கூலரைக் கழற்றும்போது நேராக இழுத்தால் பசையோடு புராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மெதுவாகத் திருகி எடுங்கள். ரேம் துண்டு இரண்டும் புராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். பயாஸில் ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை இயக்காவிட்டால் 3200-க்குக் காசு கொடுத்த ரேம் அதற்குக் கீழேயே ஓடிக்கொண்டிருக்கும். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் கழற்றும் வயர்களைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே வரிசை வேறு.

எல்லாம் பூட்டிவிட்டேன். விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை.

ரேமைக் கழற்றி, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். புராசசருக்கான 8 பின் வயர் போர்டின் மேல் மூலையில் இருக்கிறதா பாருங்கள். படம் வந்த பிறகு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸ் அமைப்பில் 60-இல் கிடக்கும், மாற்றிவிடுங்கள்.

எனக்குப் போன் செய்வதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். மானிட்டர் வயர் மேலே மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கீழே கார்டிலா? வாடிப்பட்டி வரை பைக்கில் போய், அந்த ஒரு வயரை அரைச் சாண் கீழே மாற்றிச் செருகிவிட்டு, அவர்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுத் திரும்பியிருக்கிறேன்.